செவலைக்கு என்ஜின் வேலை

பிப்ரவரி 10, ஞாயிறு

முடிவு எடுத்தாகிவிட்டது. செவலைக்கு என்ஜின் வேலை பார்க்கப் போகிறேன்.

நாளைக்கு இந்த டைரியை எவராவது எடுத்துப் படித்து, செவலை என்றால் மாடு என்று நினைத்துவிடக் கூடாது. செவலை என் கார். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துச் சின்னக் கார், மூன்று சிலிண்டர், செங்கல் நிறம். வத்தலக்குண்டில் என்னைத் தெரியாதவன்கூட அதைத் தெரிந்து வைத்திருப்பான்.

போன ஜூன் மாதம் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எழுதித் தொலைக்கிறேன். என் மனைவி தமயந்தி பிசிக்ஸ் டீச்சர். பதவி உயர்வில் தலைமையாசிரியை ஆனாள். போட்ட இடம் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. சேர்கிற அன்று, "ஒரு வேன் வச்சுக்குவோம்ங்க" என்றாள். செவலை இருக்கும்போது வேன் எதற்கு என்றேன். கேரியரில் மடக்குக் கட்டில், பின்சீட்டில் கிரைண்டர், அரிசி மூட்டை, புத்தகக் கட்டு. முன்னால் நானும் பட்டுச் சேலையில் அவளும்.

பாதி மலையில் ஒரு வளைவில் செவலை மூச்சை விட்டது. நின்றது மட்டுமில்லை, பின்னால் உருளவும் ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் எப்போதும் போல அலங்காரத்துக்கு இருந்தது. "இறங்கி டயருக்குக் கல்லைப் போடு!" என்று கத்தினேன். போட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஏழு வளைவுக்கும் கையில் கல்லோடு, லாரி கிளீனர் மாதிரி, காருக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்தா மேல்மலை பஸ் வர வேண்டும்? அதில் அவளுடைய பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நான்கு பேர். சாயங்காலத்துக்குள் மலை முழுக்க அவளுக்குக் 'கல்லு டீச்சர்' என்று பேர் விழுந்துவிட்டது.

அன்றோடு செவலையில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். பஸ்ஸில் மாதம் ஒரு தரம் வந்துகொண்டிருந்தாள். தீபாவளிக்கு வந்தாள். பொங்கலுக்கு வரவில்லை. "நீங்க பஸ்ல வாங்களேன்" என்கிறாள். வாசலில் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்குவதா? கல்லு டீச்சர் புருஷன் வந்துட்டாரு என்று சிரிப்பார்கள். மானம் என்று ஒன்று இருக்கிறது.

மே மாதம் மாறுதல் கலந்தாய்வு. நிலக்கோட்டையில் ஒரு தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த இடத்தைக் கேட்டு வாங்கு, நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இன்று போனில் சொன்னேன். "உங்க கார் நடுவுல நிக்காம இங்க வந்து சேரட்டும். அப்புறம் ஏறுறதப் பத்திப் பேசுவோம்" என்றாள்.

ஆக, ஐம்பத்து மூன்று வயதில், பெண்டாட்டியைக் கீழே கொண்டுவர ஒரு கார்புரேட்டரின் காலில் விழ வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 12

சிக்கந்தர் பாய் பட்டறை. செவலையின் வயிற்றை இருபது வருஷமாக அறுத்துத் தைப்பவர் அவர்தான்.

"எத்தனை குதிரை வேணும் சார்?"

"குதிரையெல்லாம் வேண்டாம் பாய். நிக்காம மலை ஏறணும், அம்புட்டுத்தான்."

"கிரைண்டரை ஏத்துனா யானையே படுத்துக்கும் சார்."

"இந்தத் தடவை கிரைண்டர் கிடையாது. ஆளுதான்."

கிரைண்டர் கதை பட்டறை வரைக்கும் வந்திருக்கிறது. எவன் சொன்னான் என்று தெரியவில்லை.

பாய் யோசித்துவிட்டு வேலையைச் சொன்னார். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து உட்கார வைப்பது. ஹெட்டின் அடிப்பக்கத்தை லேசாகச் சீவுவது. அப்போதுதான் அமுக்கம் கூடும். சைலன்சர் குழாயைக் கொஞ்சம் அகலமாக்குவது. நல்ல ஏர் ஃபில்டர். கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற ஜெட் ஒரு அளவு பெரிசு. "பந்தயத்துக்கு விடப்போறதில்ல சார். குழம்புல காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுற மாதிரி, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அங்கேயே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

பிப்ரவரி 15

மண்டபத்தில் முகூர்த்தம். மணமகள் அறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு பதினேழையும் சுரண்டினேன். கல்யாண மண்டப மேனேஜர் என்றால் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பவன் என்று நினைக்கிறார்கள். செவலை பட்டறையில். சைக்கிளில் போய் வந்தேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று ஹெட்டைத் திறந்து பார்த்தோம். கரி அப்பியிருக்கிறது. இரண்டு வால்வு ஒழுங்காக உட்காரவே இல்லை. "இத்தனை நாளா இது ஓடுனதே உங்க மேல உள்ள மரியாதைக்குத்தான் சார்" என்றார் பாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு யார் என்னை அப்படி மதிக்கிறார்கள்?

தமயந்தியிடம் போனில் சொன்னேன். அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம். ஒரு பையன் முட்டைக்கோஸ் தண்டில் மின்சாரம் எடுத்தானாம். சொல்லும்போதே சிரிக்கிறாள். பிறகு யாரோ கூப்பிட, "இருங்க, அவரைக் கீரை வாங்கச் சொன்னேன், வந்துட்டாரு" என்று வைத்துவிட்டாள். அந்த 'அவர்' பியூன் என்று இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் கொசு.

பாவம், குளிரில் கிடந்து கஷ்டப்படுகிறாள். சிரிப்பதெல்லாம் எனக்காக.

மார்ச் 10, ஞாயிறு

பெரிய ஜெட் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பித்தளை, கடுக்கன் திருகாணி அளவுதான். நடுவில் ஓட்டை. இந்த ஓட்டையில்தான் என் குடும்பம் இருக்கிறது.

உடனே மலைக்குப் போன் போட்டேன். "பெட்ரோல் இனிமே கூடப் போகும் தமயந்தி. செவலை பறக்கும், பாரு."

"என்னங்க, பெட்ரோலைக் கூட்டுறேங்கிறீங்களே, இங்க மேல காத்து கம்மி. தெரியும்ல?"

வாய்விட்டு எதையும் சொல்லாதவள், மூச்சுவிட முடியவில்லை என்று இன்று சொல்லியே விட்டாள். "இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்க. நான் வந்துருவேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். அழுதிருப்பாள்.

மார்ச் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் மாட்டிப் பூட்டியாகிவிட்டது! பைபாஸில் ஓட்டினோம். மிதித்தால் போகிறது! இருபது வருஷமாக மிதிப்பதற்கும் போவதற்கும் நடுவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்றிருந்த கார், இன்று மிதித்த காலை எடுப்பதற்குள் போய்விட்டது. ஒரு மினி பஸ்ஸை முந்தினேன். மினி பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வையைச் சட்டம் போட்டு மாட்டலாம். ஜன்னலைத் திறந்து "ஏய்ய்!" என்று கத்தினேன். "சார், நீங்க மண்டப மேனேஜர்" என்று ஞாபகப்படுத்தினார் பாய்.

ஏற்றத்தில் மட்டும் கடகடவென்று ஒரு சத்தம். பாய் தீப்பொறி விழுகிற டைமிங்கைத் திருப்பிச் சரிசெய்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மலையில் ஒத்திகை. பின்சீட்டில் இரண்டு மூட்டை மண்டபத்து அரிசி, முன்சீட்டில் பாய், பாயின் மடியில் ஒரு கல். "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்றார். டம்டம் பாறை வரை ஏறினோம். கல்லுக்கு வேலையே இல்லை. போதும், இன்னும் மேலே போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். இறங்கி அருவியைப் பார்த்தபடி போண்டா தின்றோம். கல்லை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. தமயந்தி வரவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை முடிந்துவிட்டதே என்றால், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இப்போதே வகுப்பு எடுக்கிறாளாம். கல்வித்துறை இப்படியா ஒரு பெண்ணைப் பிழிவது?

பாயசம் வைத்தேன். இனிப்பு கூடிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. வீடு பெரிசாக இருக்கிறது, பெருக்க நேரமாகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் ரசத்தில் சண்டை. ரசம் ஆறியிருந்ததாம். நடுவில் போய் நின்றவன் சட்டையில் ரசம். ஆறித்தான் இருந்தது.

மே 2

பத்தாம் வகுப்பு ரிசல்ட். அவள் பள்ளியில் எழுதிய முப்பத்தொரு பேரும் பாஸ். அந்தப் பள்ளிக்கூடம் ஆரம்பித்ததிலிருந்து நடக்காத விஷயமாம். போனில் அழுதாள். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் இப்படி அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"இங்க இப்பவும் கல்லு டீச்சர்தாங்க என் பேரு. ஆனா இப்ப சொல்றதே வேற மாதிரி. கல்லு டீச்சர் சொன்னா சொன்னதுதாங்கிறாங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். நிலக்கோட்டையில அந்தப் பேரெல்லாம் இருக்காது" என்று தைரியம் சொன்னேன்.

மே 20

27ஆம் தேதி திங்கள் காலை பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் கலந்தாய்வு. 25ஆம் தேதி மேலே போய்விடுவேன். சட்டை இஸ்திரி போட்டாயிற்று. செவலைக்கும் மெழுகு பூசியாயிற்று. இரண்டு பேரும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறோம்.

மே 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கை இன்னும் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். போன வருஷம் மூச்சை விட்ட அந்த வளைவை இரண்டாவது கியரில் தாண்டினேன். ஆமாம், இரண்டாவது! தனியாக உட்கார்ந்துகொண்டு கைதட்டினேன், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு. அடுத்த ஏழு வளைவையும் எண்ணி எண்ணித் தாண்டினேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

பெருமாள்மலை தாண்டியதும் செவலை இருமியது. முதலில் நான்தான் இருமினேன் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனையும் என் குடும்பத்தையும் சேர்த்து அடித்தான். மிதிக்க மிதிக்க இன்னும் திக்குகிறது. இன்னும் மிதித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கொடைக்கானல் ஊருக்குள் நுழைகிற இடத்தில், மூஞ்சிக்கல்லில், ஒரு பட்டறைக்கு நேர் முன்னால் நின்றுவிட்டது. அந்த மட்டும் அதற்கு அறிவு இருக்கிறது.

பட்டறைக்காரர் பேர் சவரிமுத்து. ஸ்வெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டவர். பிளக்கைக் கழற்றி என் கண் முன்னால் காட்டினார். அட்டக் கரி.

"கீழ யாரு சார் டியூன் பண்ணுனது?"

"ஏன், சரியில்லையா?"

"பிரமாதமாப் பண்ணிருக்காரு. கீழ ஓட்டறதுக்கு. இங்க காத்து கம்மி சார். காத்து கம்மியான எடத்துல பெட்ரோலைக் கூட்டுனா அது எரியாது, தொண்டையை அடைக்கும். வேலை நல்ல வேலைதான். ஊத்துறதைத்தான் கொறைக்கணும்."

எனக்கு மார்ச் பத்தாம் தேதி ஞாபகம் வந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது வேணுமா என்று கேட்டார். டீ என்றேன்.

மாத்திரை டப்பா ஒன்றைக் கவிழ்த்து, பழைய டாக்ஸிகளில் எடுத்த ஜெட்டுகளில் சின்னதாக ஒன்றைத் தேடி மாட்டினார். பிளக்கைச் சுத்தம் செய்தார். "இது மலைக்கு உள்ள ஜெட்டு. கீழ போனதும் உங்களோடதையே மாட்டிக்கங்க. இதோட கீழ ஓட்டுனா இழுக்காது, சூடாகும்" என்றார். அங்கிருந்து மேல்மலை வரை செவலை பாட்டுப் பாடிக்கொண்டு போனது.

வாசலில் தமயந்தி நின்றாள். இளைத்திருப்பாள் என்று நினைத்து வந்தேன். கன்னம் ரெண்டும் சிவந்து, ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவுமாக, யாரோ மாதிரி நன்றாக இருந்தாள்.

"எங்க நின்னுச்சு?" என்றாள்.

"நிக்கவே இல்லையே."

"மூஞ்சியில கரி."

சொல்லிவிட்டேன். மூஞ்சிக்கல், சவரிமுத்து, பிளக், எல்லாவற்றையும்.

"மார்ச் மாசமே சொன்னேன்லங்க, காத்து கம்மின்னு."

"உனக்கு மூச்சு முட்டுதுன்னு நினைச்சேன் தமயந்தி."

அவள் சிரித்தாள். நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கா? இங்க வந்துதாங்க நான் மூச்சே விடுறேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது. இரண்டு பேருமே செவலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மே 26, ஞாயிறு

காலையில் கடைக்குப் போனோம். பத்தடிக்கு ஒரு ஆள் அவளை நிறுத்துகிறார்கள். ஒருத்தி பூண்டு கொடுத்தாள். ஒருத்தர் மகளை நர்சிங் படிக்க அனுப்பலாமா, டீச்சர் சொன்னால் அனுப்புகிறேன் என்றார். என்னை யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூட வருகிற ஆள், அவ்வளவுதான். வத்தலக்குண்டில் அவளை எல்லாரும் மண்டப மேனேஜர் சம்சாரம் என்பார்கள். இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படி இருந்தாள் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

பூண்டுக் காட்டு ஓரமாகத் திரும்பி வரும்போது கேட்டேன். "உனக்குக் கீழ வரணுமா?"

அவள் நின்றாள். "பதினோரு மாசத்துல இப்பத்தாங்க கேக்குறீங்க."

"சொல்லு."

"வேண்டாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் எழுத மாட்டேன், கத்தினேன். நாலு மாசம் பட்டறையில் கிடந்தேனே, சைக்கிள் மிதித்தேனே, எல்லாம் யாருக்காக என்று கத்தினேன். காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "செவலைக்கு என்ன வேணும்னு பட்டறையில போய் உக்காந்து கேட்டீங்க. அது இருமுனா என்ன, முனகுனா என்னன்னு அம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாங்க?"

போய் செவலைக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன். எனக்கு அவள் இல்லாமல் முடியவில்லை. பெருக்குவது, பாயசம், கொசு எல்லாம் புளுகு. முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். கையில் தட்டு, சோறும் பூண்டுக் குழம்பும்.

"நான் மேல வந்துரட்டுமா?" என்று கேட்டேன்.

வா என்று உடனே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். கல்லு டீச்சர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? "யோசிக்கணுங்க. நீங்களும் யோசிங்க. இங்க வந்தும் என்னைய இழுத்துக்கிட்டுப் போற ஆளா இருந்தா வேண்டாம்" என்றாள். பிறகு, "சாப்பிடுங்க, ஆறுது" என்றாள்.

மே 27, திங்கள்

காலை பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் அவள் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். நாங்கள் கொடைக்கானலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருந்தோம், பூண்டு கொடுத்தவள் மகளுக்குப் பிளஸ் ஒன் இடம் கேட்டு. நான்தான் ஓட்டினேன். தமயந்தி செவலையில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஏறச் சொல்லவில்லை, அவளே கதவைத் திறந்து ஏறினாள். போக வர எங்கும் நிற்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது.

மே 31

வத்தலக்குண்டு வந்து மூன்று நாள் ஆகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சவரிமுத்து சொன்னபடி செவலை தரையில் சோம்பலாக ஓடுகிறது. முள் சூட்டுப் பக்கம் ஏறுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

பாய் கார்புரேட்டரைத் திறந்தார். "யா அல்லா, இம்மாத்துண்டு ஜெட்டை எவன் சார் மாட்டுனது? அஞ்சு நிமிஷம் உக்காருங்க, நம்ம ஜெட்டைப் போட்டுர்றேன்."

"வேண்டாம் பாய்."

"இதோட இங்க இழுக்காது சார்."

"இருக்கட்டும். இங்க ஓட்டறதுக்கு இல்ல. ஆனி முகூர்த்தம் வரைக்கும் சைக்கிள் போதும். ஆடியில எப்படியும் கல்யாணம் கிடையாது. மண்டபத்துச் சாவியை முதலாளிகிட்டக் குடுத்துட்டுக் கிளம்புறேன்."

பாய் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் பாய். யோசிக்கணும்னா. மூணு நாள் போன் பண்ணவே இல்ல. நானும் பண்ணல. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில அவளே கூப்பிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"வாங்கன்னா."